விளக்கடி இருள்: மலையகத்தில் தொலைக்காட்சி அலைகள்

விளக்கின் அடியில் இருள் என்பது பழமொழி. மலையகத் தோட்டங்களில் தொலைக்காட்சிப் படம் தெரியும் முறையை நோக்குவார்க்கு இப்பழமொழியின் பொருள் நன்கு விளங்கும். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. அதன் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அவ்வுயரத்தினின்று புறப்படும் அலை, தடையில்லாவிடின் 200 கிலோமீற்றருக்கு அப்பாலும் செல்லவல்லது. நெடுந்தூரத்துச் சமவெளியில் உள்ளார் அதனைப் பெறுவர். ஆயின் அம்மலைத் தொடரின் மடியிலேயே வாழும் தொழிலாளர் பலரின் லயங்களில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறுகின்றது. அல்லது ஒன்று இரண்டாகத் தோன்றுகின்றது. இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஆராய்தல் பயனுடைத்து.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் நாள் சுயாதீனத் தொலைக்காட்சி வலையமைப்பினால் தொடங்கப்பெற்றது. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள், யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தோன்றியது. பிதுருதலாகலை அதன் முதன்மை அஞ்சல் நிலையங்களுள் ஒன்றாயிற்று. இவ்வொளிபரப்பினைப் பெறுதற்கு மாதக் கட்டணம் வேண்டியதில்லை. 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நேத்ரா அலைவரிசையில் தமிழ் மாணவர்க்குப் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. படம் தெளியாத லயத்துப் பிள்ளைக்கு அப்பாடங்களும் தெளியவில்லை. எனவே இஃது பொழுதுபோக்குப் பற்றிய சிறு குறை மட்டுமன்று. கல்வியையும் தொட்டு நிற்பது.

முதற் காரணம் மலைநிழல். தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டிற் செல்வன. செக்கனுக்கு 200 மில்லியன் முறை அதிரும் அலையின் நீளம் ஒன்றரை மீற்றர். 600 மில்லியன் முறை அதிரும் அலைக்கு அரை மீற்றர். அலை குறுகக் குறுக, அது மலைமுகட்டில் வளைந்து மறுபுறம் இறங்கும் ஆற்றலும் குறையும். பிதுருதலாகலைக்கும் ஹற்றனுக்கும் இடையே உள்ள நேர்த்தூரம் 20 கிலோமீற்றருக்குச் சற்றே மிகும். ஆயின் இடையில் 2,200 மீற்றருக்கு மேற்பட்ட கிரேட் வெஸ்டேர்ன் மலை எழுந்து நிற்கின்றது. ஹற்றனோ ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. இத்தகைய மலையின் மறைவிலுள்ள பள்ளத்துத் தோட்டம் கோபுரத்துக்கு அண்மையிலிருந்தும் பயனில்லை. அண்மை வேறு, நேர்ப்பார்வை வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

இரண்டாவது காரணம் எதிரொலித்தல். அலை நேரே வருவதோடமையாது, எதிர்மலையிற் பட்டுத் திரும்பியும் வரும். பிந்தி வரும் அலை, முதற் படத்தின் வலப்புறத்தே மங்கலான இரண்டாம் படத்தை வரைகின்றது. இதனைப் பலர் பேய்ப்படம் என்பர். இப்பேயை அளந்தறியலாம். பழைய அனலொக் முறையில் படத்தின் ஒரு வரி ஏறத்தாழ 52 மைக்ரோ செக்கனில் வரையப்படுகின்றது. திரையின் அகலம் 52 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், ஒரு சென்ரிமீற்றர் விலகல் ஒரு மைக்ரோ செக்கன் தாமதமாகும். அந்நேரத்தில் அலை 300 மீற்றர் செல்லும். இரண்டாம் படம் நான்கு சென்ரிமீற்றர் விலகித் தெரியுமாயின், அந்த அலை 1,200 மீற்றர் மிகையாகச் சுற்றி வந்ததென்பது பெறப்படும். அது வீட்டுக்கு நேர் பின்புறத்து மலையிற் பட்டு மீண்டதெனின், அம்மலை 600 மீற்றர் தொலைவில் உள்ளதாகும். பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இதனினும் நல்ல பரிசோதனை வேறு வேண்டுமோ?

மூன்றாவது காரணம் மக்கள் பெரிதும் தவறாகக் கருதுவது. மார்கழிப் பனிமூட்டமே படத்தைக் கெடுக்கின்றது என்பர். பனித்துளியோ மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்களவு நுண்ணியது. அரை மீற்றர் நீளமுடைய அலையை அஃது தடுக்கவல்லதன்று. உண்மையிற் கெடுதி செய்வது கேபிளின் இணைப்புக்களிற் புகும் ஈரமே. நீர் புகுந்த கேபிளும், களிம்பேறிய செப்புக் கம்பியும் அலையை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. அன்டெனாவின் முன்னே வளர்ந்த யூக்கலிப்டஸ் மரங்களின் நனைந்த இலைகளும் ஓரளவு அலையைக் குறைக்கும்.

இனிப் பரிகாரம். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எதனாற் பயன் விளைந்தது என்பது தெரியாது. முதலில் கேபிளையும் இணைப்புக்களையும் சோதிக்க. நல்ல கேபிளாயினும் 30 மீற்றர் நீளத்தில், 600 மில்லியன் அதிர்வுடைய அலையின் வலு ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறையும். பழுதுற்றதாயின் ஒன்றும் எஞ்சாது. அடுத்து அன்டெனாவின் இடம். தகரக் கூரையின் கீழே அன்டெனாவை வைத்தல் குடையின் கீழ் நின்று மழைநீர் ஏந்துதலை ஒக்கும். கூரைக்கு மேலேயும், உயர்த்தினால் மட்டும் போதாது; நேரலையும் நிலத்திற் பட்ட அலையும் கலப்பதால், சில அடி பக்கவாட்டில் நகர்த்துதல் கம்பத்தை உயர்த்துதலினும் நற்பயன் தருதல் உண்டு. மூன்றாவது திசை. 1926 ஆம் ஆண்டு யப்பானின் தொஹோக்குப் பல்கலைக்கழகத்தில் யாகி, உடா என்னும் இருவர் கண்ட அன்டெனாவே இன்றும் கூரைகளிற் காணப்படுவது. அஃது ஒரு திசையை நோக்கியே நன்கு கேட்கும். பிதுருதலாகலை மறைந்திருக்குமிடத்தில், கோபுரத்தைப் பாராது, வெளிச்சம் படும் எதிர்மலையை நோக்கித் திருப்பினால், மீண்டு வரும் அலையே சிறந்த படத்தைத் தருதலும் கூடும்.

பூஸ்டர் எனப்படும் பெருக்கியை இறுதியிலேயே நாடுதல் வேண்டும். இல்லாத அலையை அது படைக்காது. உள்ள இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியினருகே வைத்தாற் பயன் சிறிது. அன்டெனாவின் அடியில், கேபிளில் வலு குன்றுமுன் வைத்தலே முறை. நாட்கூலியிற் சேர்த்த பணத்தைக் கொண்டு இரண்டு மூன்று பூஸ்டர் வாங்கி ஏமாறுவோர், நனைந்த இணைப்பொன்றைச் சீர்செய்திருப்பின் அச்செலவு நேர்ந்திராது.

லயம் என்பது நகரத்து மாடிக் குடியிருப்பைப் போல ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழுமிடம். அங்கே குடும்பத்துக்கொரு கம்பம் நட்டு, ஒன்றையொன்று மறைக்க நிற்பதினும், கோபுரம் தெரியும் மேட்டில் ஒரு நல்ல அன்டெனாவை நிறுவிப் பகிர்தல் சாலச் சிறந்தது. இரண்டாகப் பிரித்தால் வலு பாதியாகும். எட்டாகப் பிரித்தால் எட்டிலொன்றாகும். இவ்விழப்பை ஈடுசெய்யப் பிரிக்குமுன் வைக்கப்படும் பெருக்கியே உண்மையிற் பயனுடைய பெருக்கி. கம்பத்தை மின்கம்பிக்கு அருகில் நடலாகாது. அதனை நிலத்தொடு கம்பியால் இணைத்தல் வேண்டும். சித்திரை, ஐப்பசி மாதங்களில் இடியின் அறிகுறி தோன்றுமுன்னரே கேபிளைப் பெட்டியினின்று கழற்றிவிடுதல் வேண்டும். இடி தொடங்கிய பின் அதனைத் தொடுதல் உயிருக்கு ஆபத்து.

இக்காலத்து லயங்களில் செய்மதித் தட்டுக்கள் மலிந்தமைக்குக் காரணமும் இதனால் விளங்கும். நிலநடுக்கோட்டுக்கு அணித்தாகிய இலங்கையில் தட்டு வானை உயர நோக்கி நிற்பதால் மலை குறுக்கிடுவதில்லை. ஆயின் அதற்குக் கட்டணம் உண்டு. கனமழையில் படமும் மறையும்.

இலங்கை 2014 ஆம் ஆண்டில் யப்பானிய டிஜிற்றல் முறையைத் தெரிந்தெடுத்தது. அத்திட்டம் நெடுந்தாமதம் அடைந்தது. அம்முறை மலைநாட்டுக்கு ஏற்றதொரு பண்புடையது. யப்பானில் ஒவ்வொரு செய்திக் கூற்றின் முன்னும் 126 மைக்ரோ செக்கன் காப்பு இடைவெளி விடப்படுகின்றது. ஏறக்குறைய 37 கிலோமீற்றர் சுற்றி வரும் அலையும் அவ்விடைவெளிக்குள் அடங்கும். ஆதலின் பேய்ப்படம் ஒழிகின்றது. ஆயின் பிறிதோர் இடர் உண்டு. அனலொக் முறையில் அலை குறையக் குறையப் படம் மெல்ல மங்கும். டிஜிற்றல் முறையிலோ ஓரெல்லை வரை தெளிவாயிருந்து, பின் சடுதியாகக் கட்டங்கட்டமாய் உடைந்து நின்றுவிடும். மங்கற்படத்தோடு பொறுத்து வாழ்ந்த லயத்துக்கு அந்நாளில் ஒன்றுமே கிட்டாது போதலும் கூடும். அதனால் இணைப்பு, இடம், திசை ஆகிய மூன்றும் அன்று இன்னும் இன்றியமையாதனவாகும்.

விளக்கடி இருளுக்கு விளக்கைப் பழித்தலாற் பயனில்லை. ஒளி எங்கே விழுகின்றதென ஆராய்ந்து, அவ்விடத்துக்குச் சென்று ஏந்துதலே அறிவுடைமை. மலையகப் பாடசாலைகளின் விஞ்ஞான மாணவர் தத்தம் லயத்தில் ஓர் அன்டெனாவையேனும் இம்முறையிற் சீர்செய்வாராயின், அவர் கற்ற கல்வி வீட்டுக்கும் அயலுக்கும் பயன்பட்டதாகும்.