உட்காரச் சொன்னால் எழுந்து நிற்கும் வகுப்பு

ஒரு செயலின் விளைவு, அந்தச் செயல் மறுபடி நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இதைச் செயல்படு ஆக்கநிலையிறுத்தம் என்று உளவியல் கூறும். 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்தபோது, வெளியேற உதவிய அசைவுகள் நிலைத்தன, உதவாதவை மறைந்தன. அதை விரிவான கோட்பாடாக வளர்த்தவர் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர். அவருடைய முதல் பெரிய நூல் 1938இல் வெளிவந்தது.

ஒரு செயலை வளர்க்கும் விளைவுக்கு வலுவூட்டி என்று பெயர். பாராட்டு, நட்சத்திர முத்திரை, முன்வரிசை இடம் ஆகியவை கொடுத்து வளர்ப்பவை. வகுப்பிலேயே கணக்கை முடித்தவருக்கு வீட்டுப்பாடம் இல்லை என்பது, பிடிக்காத ஒன்றை விலக்கி வளர்ப்பது. இந்த இரண்டாவதுதான் எதிர்மறை வலுவூட்டல். இதைத் தண்டனை என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தண்டனை செயலைக் குறைக்கும். வலுவூட்டல் எந்த வகையானாலும் செயலைக் கூட்டும்.

மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப் பக்கம், முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியை முதலாம் ஆண்டுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். பின்னால் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்து சன்னலோரம் போகிறான். "டேய், உட்காருடா!" உடனே உட்கார்கிறான். அதட்டல் பலித்துவிட்டதாக ஆசிரியைக்குத் தோன்றும். பையனுக்கோ, அரை மணி நேரமாகக் கிடைக்காத ஆசிரியையின் பார்வை எழுந்தவுடன் கிடைத்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் மறுபடி எழுவான். ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்த பக்கத்துச் சிறுமியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் சார்ல்ஸ் மாட்சன், வெஸ்லி பெக்கர் குழுவினர் 1968இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் "உட்கார்" என்று அடிக்கடி சொல்லச் சொல்ல, எழுந்து நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. அமர்ந்து வேலை செய்தவர்களைப் பாராட்டத் தொடங்கியதும் குறைந்தது. அதே ஆண்டு வந்த அவர்களுடைய மற்றோர் ஆய்வின்படி, விதிகளைச் சொல்லி வைப்பதால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை. நல்ல நடத்தையைப் பாராட்டியதே முக்கியக் காரணமாக அமைந்தது. வகுப்பறையில் ஆசிரியரின் கவனத்தைவிட மலிவான, வலிமையான வலுவூட்டி வேறில்லை. அது பெரும்பாலும் குறும்புக்கே செலவாகிறது என்பதுதான் வருத்தம்.

கவனத்தை நிறுத்தினால் குறும்பு உடனே அடங்கிவிடாது. அடங்குவதற்குமுன் சில நாள் இன்னும் பொங்கவும் கூடும். அந்த நாட்களில் பொறுமையிழந்து ஒருமுறை அதட்டிவிட்டால், இன்னும் பலமாகக் கத்தினால் கவனம் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அடிதடி, ஆபத்து போன்றவற்றில் இந்த முறை கூடாது. அங்கே உடனே தடுத்தாக வேண்டும்.

பிரம்பு ஏன் இன்னும் ஒழியவில்லை என்பதற்கும் இதே கோட்பாட்டில் விடை உண்டு. ஒரு வீச்சில் இரைச்சல் நிற்கிறது. அந்த நிம்மதி ஆசிரியருக்கு வலுவூட்டியாகி, அடுத்த முறையும் பிரம்பை எடுக்க வைக்கிறது. பிள்ளையோ என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்காமல், யார் இருக்கும்போது செய்யக்கூடாது என்பதை மட்டும் கற்கிறது. மலேசியாவின் 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் மாணவிகளைப் பிரம்பால் அடிப்பதைத் தடுக்கின்றன; மாணவர்களுக்கு அந்த முழுப் பாதுகாப்பு இல்லை. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஆண், பெண் பிள்ளைகள் இருவருக்கும் உடல் தண்டனை தருவதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.

முத்திரை, புள்ளி, பரிசு என்று கொடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. 1973இல் மார்க் லெப்பர் குழுவினர், ஆசையாக ஓவியம் வரைந்த பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி, அதைக் கொடுத்தனர். பிறகு அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது. ஆகவே தானே விரும்பிச் செய்யும் செயலுக்குப் பரிசு தேவையில்லை. தொடங்கவே தயங்கும் பிள்ளைக்கு முதலில் ஒவ்வொரு முறையும் கொடுத்து, பழக்கம் ஊன்றியபின் இடைவெளி விட்டு, கடைசியில் ஒரு புன்னகையில் நிறுத்திக்கொள்ளலாம்.

வகுப்பை அமைதியாக வைப்பதற்கு மட்டும் இந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்துவது அதைச் சுருக்குவதாகும். பாடம் கற்பிப்பதற்கும் அது உதவும். 1953 நவம்பரில் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்ற ஸ்கின்னரை உறுத்தியவை இரண்டு: போட்ட கணக்கு சரியா என்று பிள்ளைக்கு உடனே தெரிவதில்லை, எல்லாரும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது. அதன்பின்தான் அவர் கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார்.

அதே இரண்டு குறைகளுக்கும் தமிழ்நாட்டில் வேறொரு வழியில் விடை தேடினார்கள். ஆந்திராவிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்வி முறையைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் கலந்தமர்ந்தார்கள். பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படத்தில் தான் நிற்கும் படியைப் பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையை எடுத்தது. வருகையையும் தானே பதிந்தது. வரைந்து முடித்த படம் தலைக்கு மேலுள்ள கம்பிப்பந்தலில் தொங்கியது. ஒரு படி முடிந்ததும் அடுத்ததற்குப் போகலாம் என்பதே அங்கே வலுவூட்டியாக இருந்தது. பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்திருக்கும் மலைப்பள்ளிகளில், ஒரு பக்கம் பாடம் நடக்கையில் மறுபக்கத்துப் பிள்ளைகளுக்கும் கையில் வேலையும் கண்ணெதிரே அடுத்த படியும் இருக்க இத்தகைய அமைப்பு இடம்தரும்.