விகிதமும் தொகையும்: பசி ஒழிப்பு இலக்குகளை நோக்குமுறை

உலக நாடுகள் கூடி வறுமையையும் பசியையும் குறைக்க வகுத்த இலக்குகளில், "பாதியாகக் குறைப்போம்" என்பது முதன்மையான வாக்குறுதியாக விளங்கியது. எதில் பாதி என்று நாம் கேட்டறிதல் வேண்டும்.

1996ஆம் ஆண்டு நவம்பரில் ரோமாபுரியில் உலக உணவு உச்சிமாநாடு கூடியது. போதிய உணவின்றி வாடுவோர் 80 கோடிக்கு மேற்பட்டவர் எனக் கண்ட அம்மாநாடு, 2015க்குள் அத்தொகையைப் பாதியாக்க உறுதிபூண்டது. 2000 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவை புத்தாயிரமாண்டுப் பிரகடனத்தை வெளியிட்டது. அதிலிருந்து எட்டு இலக்குகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி பாதியாக வேண்டியது பசித்தோரின் தொகையன்று. மக்கள்தொகையில் அவர்களது விகிதமே. கணக்கின் தொடக்க ஆண்டாகவும் 1990 கொள்ளப்பட்டது.

இவ்வேறுபாடு சிறிதன்று. 100 பேர் வாழும் ஊரொன்றில் 40 பேர் பசித்திருப்பதாகக் கொள்வோம். ஊர் 150 பேராகப் பெருகியபின் பசித்திருப்போர் 30 பேர். விகிதம் நூற்றுக்கு 40 என்பதிலிருந்து 20 ஆயிற்று, இலக்கு நிறைவேறியது. ஆயினும் பசித்தோரின் தொகையில் குறைந்தது 10 மட்டுமே.

உலகிலும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்ந்தது. 2015இல் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, வளரும் நாடுகளில் பசித்தோர் விகிதம் 1990–92இல் நூற்றுக்கு 23.3, 2014–16இல் 12.9. விகித இலக்கு சிறிதளவே தவறியது. ஆனால் உலகில் பசித்தோர் அப்பொழுதும் 79.5 கோடி. ரோமாபுரியில் அளித்த வாக்கு வெகு தொலைவில் நின்றுவிட்டது.

இதனால் விகிதக் கணக்கு பயனற்றது என்பது நம் கருத்தன்று. 1990க்கும் 2015க்கும் இடையில் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 200 கோடி பெருகியும், பசித்தோர் தொகை குறையவே செய்தது. பிறக்கும் குழந்தை பசியோடு வளர நேரிடுவது முன்னிலும் அரிதாயிற்று என்பதை விகிதமே காட்டுகிறது. இன்னும் எத்தனை பேருக்கு உணவில்லை என்பதையோ தொகைதான் காட்டும்.

2015 செப்டம்பரில் ஏற்கப்பட்ட 17 இலக்குகளுள் இரண்டாவது, 2030க்குள் பசியை அறவே ஒழிப்பதாகும். "பாதி" என்ற சொல் அங்கே இல்லை. ஆயினும் 2024இல் பசித்திருந்தோர் ஏறத்தாழ 67 கோடி என மதிப்பிடப்பட்டுள்ளது. இதனை நூற்றுக்கு எட்டு என்று சொன்னால் சிறிதாகவே தோன்றும். ஆகவே சபையிலும் வகுப்பிலும் இவ்விலக்குகளை விளக்கும் நாம், விகிதத்தைச் சொல்லும்பொழுதெல்லாம் தொகையையும் உடன் சொல்வோமாக.