வீட்டைக் காலி பண்ணியாச்சு, அட்வான்ஸ் எங்கே?

வில்லாபுரத்தில் ஒரு வாடகை வீடு. மாதம் 8,000 ரூபாய். வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறீர்கள். சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சொல்கிறார்: "அடுத்த ஆள் குடிவரட்டும் தம்பி, அவங்க அட்வான்ஸ் வாங்கித் தர்றேன்." மதுரையில் வாடகைக்கு இருந்த பலருக்கும் பழக்கமான பதில்தான் இது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017. பெயர் கொஞ்சம் நீளம்தான். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 11-வது பிரிவுதான் அட்வான்ஸ் பற்றிப் பேசுகிறது.

* ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 8,000 ரூபாய் வாடகைக்கு 24,000 ரூபாய்.
* காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வந்தாரா, வரவில்லையா என்பது உங்கள் கவலை இல்லை.
* நீங்கள் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழிக்கலாம். கரண்ட் பில் 640, உடைந்த ஜன்னல் கண்ணாடி 500 என்றால், மீதி 22,860 ரூபாய் உங்கள் கைக்கு வர வேண்டும்.

(ஒத்திக்கு எடுத்த வீடு வேறு கணக்கு. இங்கே சொல்வது மாத வாடகைக்கு.)

பெயிண்ட் செலவு யாருடையது?

தகராறு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கும். ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால், சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, பைப், வயரிங் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, "பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

குடிபோகும்போதே செய்ய வேண்டியவை

1. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். அட்வான்ஸ் தொகையும் அதில் இருக்கட்டும்.
2. அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். உரிமையாளர், வாடகைதாரர் இருவரில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பதியாத ஒப்பந்தம் பின்னால் சாட்சியமாக நிற்பது சிரமம்.
3. அட்வான்ஸையும் வாடகையையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.
4. குடிபோகும் அன்றும் காலி செய்யும் அன்றும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாம் பதிவாகட்டும்.

ஒரு மாதம் தாண்டிவிட்டதா?

சாவி கொடுத்த தேதி, வர வேண்டிய தொகை, உங்கள் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்திருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வாடகை நீதிமன்றத்தில் மனு செய்யலாம். வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று நீங்களாகவே வாடகையை நிறுத்தாதீர்கள். இரண்டு மாத பாக்கி விழுந்தால், வீட்டைக் காலி செய்யக் கோர அதுவே ஒரு காரணமாகிவிடும். கழிப்பதென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இங்கிலாந்தில் அட்வான்ஸை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்காத உரிமையாளர், அதைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை வாடகைதாரருக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். நம் சட்டத்தில் அப்படி மடங்குக் கணக்கில் இழப்பீடு கிடையாது. இங்கே உங்கள் பணத்துக்குக் காவல், பதிவு செய்த ஒப்பந்தமும் கையில் இருக்கும் ரசீதும்தான். வீடு பார்க்கும் அன்றே இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.