பழகிய பொருள் பகையாகும்போது

"பல ஆண்டுகளாக இதைத்தான் பயன்படுத்துகிறேன், இதனால் வந்திருக்க வாய்ப்பில்லை." தோல் அரிப்புடன் வருவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. ஆயினும் தொடு ஒவ்வாமையைப் பொறுத்தவரை, நெடுநாள் பழக்கம் எந்தப் பொருளையும் குற்றமற்றதாக்கிவிடுவதில்லை.

இவ்வொவ்வாமை பிறவியிலேயே அமைவதன்று. தோலில் மீண்டும் மீண்டும் படும் ஒரு வேதிப்பொருளை, உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு கட்டத்தில் பகையென நினைவில் கொள்கிறது. அதன்பின் அப்பொருள் சிறிதளவு பட்டாலும் அரிப்பும் தடிப்பும் நீர்க்கொப்புளங்களும் தோன்றும். அவையும் உடனே தோன்றுவதில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே வெளிப்படுகின்றன. ஆகவேதான் திங்களன்று பூசிய தலைச்சாயம் தப்பித்துக்கொள்ள, புதனன்று உண்ட கத்தரிக்காயின் மீதும் கருவாட்டின் மீதும் பழி விழுகிறது.

தடிப்பு தோன்றும் இடமே பெரும்பாலும் நல்ல துப்பு. நெற்றி நடுவில் வட்டமாகத் தோன்றினால் ஒட்டும் பொட்டின் பசையை ஐயுறலாம். காதுமடலிலும் தொப்புளுக்குக் கீழேயும் தோன்றினால் கவரிங் நகையிலும் உலோகப் பொத்தானிலும் உள்ள நிக்கலை நினைக்க வேண்டும். பாதத்தின் மேல் வார் வடிவில் தோன்றினால் ரப்பர் செருப்பைப் பார்க்க வேண்டும்.

கட்டட வேலை செய்வோருக்கு இது பிழைப்பைத் தொடும் சிக்கல். ஈரச் சிமெண்டில் கரையும் குரோமியம், கைகளில் நாட்பட்ட வெடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கவல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல், சிமெண்டில் நீரில் கரையும் குரோமியம்-6 பத்து இலட்சத்தில் 2 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என வரையறுத்துள்ளது. இந்த ஒவ்வாமை வேரூன்றிவிட்டால் எளிதில் மறைவதில்லை. எனவே கையில் முதல் தடிப்பு தோன்றும்போதே வாருங்கள்; காலந்தாழ்த்தாது காரணம் தெரிந்தால் தொழிலைக் கைவிடாமல் காக்க வழியுண்டு.

மருத்துவப் பொருள்களும் விலக்கல்ல. பிளாஸ்திரி, நியோமைசின் கலந்த களிம்பு, சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் உணர்கருவியின் பசை ஆகியவையும் ஒவ்வாமை தரக்கூடும். பிளாஸ்திரியின் வடிவிலேயே அரிப்புடன் சிவந்தால் செவிலியரிடம் கூறுங்கள். வலியும் காய்ச்சலும் சீழும் சேர்ந்தால் அது நோய்த்தொற்றாக இருக்கலாம், தாமதியாது வாருங்கள்.

ரப்பர் பாலால் ஆன கையுறையோ பலூனோ பட்ட சில நிமிடங்களில் உடலில் தடிப்போ மூச்சுத் திணறலோ வருமாயின், அது வேறு வகை ஒவ்வாமை, உயிருக்கே ஆபத்தாகலாம். உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். முன்னர் எப்போதேனும் அவ்வாறு நேர்ந்திருப்பின் அறுவை சிகிச்சை, பிரசவம், பல் சிகிச்சை ஆகியவற்றுக்கு முன் தவறாது தெரிவியுங்கள்.

தொடு ஒவ்வாமையின் காரணத்தைக் கண்டறிய உதவுவது பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுச் சோதனை. 1895-இல் யோசப் யாதசோன் என்னும் மருத்துவர் விளக்கிய முறை இது. ஊசி கிடையாது. ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறிதளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாட்கள் கழித்து அகற்றி, பின்னரும் ஓரிரு நாட்கள் கழித்து மீண்டும் பார்ப்போம். அதுவரை முதுகு நனையலாகாது. ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்தாமல் முன்கூட்டியே கூற வேண்டும்.

வரும்போது பயன்படுத்தும் களிம்பு, சாயம், எண்ணெய் ஆகியவற்றின் உறைகளை எடுத்து வாருங்கள். ஒவ்வாத பொருள் இன்னதென உறுதியானதும், அதன் பெயரை எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், முதலில் காட்ட வேண்டிய சீட்டு அதுவே.