வர்க்கலையைக் கீழிருந்து பாருங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வர்க்கலை வந்துவிடும். நாகர்கோவிலில் காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பலாம். வருபவர்களில் பலர் ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்து, நேரே குன்றின் உச்சிக்குப் போய், ஏதாவது ஓட்டலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். வர்க்கலையின் அதிசயம் அவர்கள் காலுக்குக் கீழே இருக்கிறது.

பாபநாசம் கடற்கரையில் இறங்கி, கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் மணலோடு வடக்கே நடக்க வேண்டும். தென் கேரளக் கடலோரம் பெரும்பாலும் மணலும் தென்னையும் காயலும்தான். இங்கேயோ நிலம் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. உச்சியில் துருச்சிவப்பில் வெட்டுக்கல். குமரி மாவட்டத்தாருக்குப் பழக்கமான கல்தான். வெட்டும்போது மெத்தென்றிருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். வெயிலும் கனமழையும் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, மிஞ்சிய இரும்புதான் அந்தச் சிவப்பு. அதன் கீழே மணற்கல். அதற்கும் கீழே வெள்ளையும் மஞ்சளுமாகக் களிமண். சில இடங்களில் கரும்பட்டை ஒன்று ஓடும். அதில் கரியாகிப்போன மரத்துண்டுகள், அதாவது பழுப்பு நிலக்கரி. இந்த அடுக்குகளுக்குப் புவியியலாளர்கள் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் கடலூர் மணற்கல்லும் ஏறக்குறைய இதே காலத்தது.

குன்றின் அடியில் ஊற்றுகள் கசிவதையும் பாருங்கள். மேலே பெய்யும் மழை வெட்டுக்கல்லிலும் மணற்கல்லிலும் ஊறி இறங்கும். களிமண் அதை விடாது. எனவே பக்கவாட்டில் வழி தேடி வெளியே வருகிறது. ஜனார்த்தன சுவாமி கோயிலுக்கு வருபவர்களும், கர்க்கடக அமாவாசையில் இங்கே பலி இடக் கூடுபவர்களும் புனிதமாகக் கருதும் ஊற்றுநீர் இதுதான்.

குன்றைச் சரிப்பதும் அதே நீர்தான். ஈரம் ஏறிய களிமண் வழுக்கும். பருவமழைக் காலத்தில் அலை அடிவாரத்தை அரிக்கும். பிடிமானம் போன மேற்பகுதி பெயர்ந்து விழும். இது இயற்கை. ஆனால் விளிம்பை ஒட்டிக் கட்டடங்களை நெருக்கி, கழிவுநீரையும் மண்ணுக்குள் இறக்குவது நாம் செய்வது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்தக் குன்றைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. 2025-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்தது. விளிம்போரக் கட்டுமானத்தை நிறுத்தாமல் இந்தப் பட்டங்களால் ஒரு பயனும் இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் குன்றின் விளிம்பிலும் அடியிலும் நிற்காதீர்கள். களிமண் சுவரில் பெயர் கீறாதீர்கள். பிள்ளைகளையும் கீற விடாதீர்கள்.