சோளத்திலும் கச்சானிலும் பூஞ்சண நஞ்சு: எதிர்ப்பினங்களால் ஆகக்கூடியது எவ்வளவு?

மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளை, கலேவெல முதலான உலர்ந்த பகுதிகளில் நெல், மரக்கறி ஆகியவற்றோடு மேட்டுநிலங்களிற் சோளமும் கச்சானும் பயிரிடப்படுகின்றன. இவ்விரண்டிலும் மஞ்சட் பச்சை நிறமாய்ப் படரும் பங்கசு ஒன்று அப்பிளாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்க வல்லது. இந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கச்சான் பிண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஓரிலட்சத்துக்கு மேல் மடிந்தன. அதன் பின்னரே இது கண்டறியப்பட்டது. 1974 இல் இந்தியாவின் இராசத்தான், குசராத்துக் கிராமங்களிற் பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்டவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

எதிர்ப்புள்ள விதையை விதைத்தாற் போதாதா எனக் கமக்காரர் வினவுதல் இயல்பே. 1958 இற் பத்தலகொடையிலிருந்து வந்த எச்-4 நெல் எரிபந்த நோயை எதிர்த்து நின்றதை மூத்தோர் அறிவர். ஆயின் இங்கு நிலைமை வேறு. எரிபந்தத்தை ஒரே பரம்பரையலகு தடுத்தல் கூடும். சோளத்திலோ பல பரம்பரையலகுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே நஞ்சைக் குறைக்கின்றன; மணி முற்றுங்காலத்து வறட்சி அவற்றின் பயனையும் குன்றச் செய்கின்றது. 1990 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட எதிர்ப்புள்ள சோள வழியொன்று நெடிதுயர்ந்து காலந்தாழ்த்தி முதிர்வதாயிருந்தமையால், கலப்புக்கு உதவியதேயன்றி வயலுக்கு உதவவில்லை. கோதுமையில் வேறொரு பங்கசின் நஞ்சைச் சீனாவின் சுமை-3 இனத்துப் பரம்பரையலகு குறைக்கின்றது, அறவே நீக்குவதில்லை.

கச்சானிற் காணப்படும் எதிர்ப்புக் கமக்காரருக்குப் பயனுள்ள பாடமொன்றைத் தருகின்றது. இந்தியாவின் ஜே-11 இனத்தில் விதைத்தோலே பங்கசுக்குத் தடையாகும். தோல் கீறப்பட்டால் அத்தடை போயிற்று. எனவே மண்வெட்டி பட்ட காய்களையும் பூச்சி துளைத்தவற்றையும் அன்றே பிரித்துவிடுதல் வேண்டும். சோளத்திலும் கதிரின் நுனிவரை இறுக மூடிய மடலுள்ள இனமே விரும்பத்தக்கது.

அறுவடையின் பின் எந்த இனமாயினும் உலர்த்தலே முதன்மையானது. வெறுந்தரையிற் பரப்பாது படங்கின்மீது உலர்த்துக. சோளத்தின் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கும், கச்சான் பருப்பின் ஈரம் 8 பங்குக்கும் மேற்படலாகாது. நன்குலர்ந்த காயைக் குலுக்கினாற் பருப்பு உள்ளே ஒலிக்கும். சோளமணி பல்லிற் பட்டு நசியாது உடையும். பெரும்போக அறுவடையில் மழை குறுக்கிட்டால், நனைந்த கதிர்களைக் குவித்து வைத்தல் பெருந்தவறு. கூரையின் கீழ்க் காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிடலாம்.

சமைப்பதால் இந்நஞ்சு முற்றாக நீங்காது. பழுதானதைக் கோழிக்கும் மாட்டுக்கும் இடும் வழக்கமும் கைவிடத்தக்கது. பசு தின்ற நஞ்சின் ஒரு பகுதி பாலில் வெளிப்படும். அத்தகைய மணிகளைப் புதைத்துவிடுக.