சைக்ஸ் என்ற பெயரின் பூர்வீகம்

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்ஷயரில் 'சைக்ஸ்' என்னும் குடும்பப் பெயர் பரவலாக வழங்குகிறது. அப்பெயர் உடையவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களா? ஏடுகளைக் கொண்டு தீர்க்க முடியாத இக்கேள்விக்கு, 2000-ஆம் ஆண்டில் ஓர் உயிரியல் ஆய்வு விடை கூறியது.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற காலத்தில் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. ஒரே ஊரில் நான்கு ஜான்கள் இருந்தால் வரி யாருக்கு, நிலம் யாருக்கு? எனவே பெயருடன் ஓர் அடையாளமும் சேர்க்கப்பட்டது. ஸ்மித் என்றால் கொல்லன்; ஜான்சன் என்றால் ஜானின் மகன். ஏறத்தாழ 1400-க்குள் பெரும்பாலான குடும்பங்களில் இவ்வடையாளம் தந்தையிடமிருந்து மக்களுக்கு வரும் நிலையான பெயராகிவிட்டது.

சைக்ஸ் என்பது இருப்பிடத்தால் வந்த பெயர். வட இங்கிலாந்து வழக்கில் 'சைக்' என்பது சிற்றோடையைக் குறிக்கும். ஓடைக்கரையில் குடியிருந்தவர் அப்பெயர் பெற்றார். ஆனால் யார்க்ஷயரில் ஓடைகள் பல. ஆகவே பல ஊர்களில் பல குடும்பங்கள் தனித்தனியே இப்பெயரைப் பெற்றிருக்க வேண்டும் என்று பெயராய்வாளர்கள் கருதினர்.

இதைச் சோதிக்க முடியுமா? முடியும். ஆண்களிடம் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கே செல்கிறது; குடும்பப் பெயரும் அவ்வாறே. சுவடியைப் படியெடுப்பவர் எப்போதாவது ஓர் எழுத்தைப் பிழையாக எழுதுவதுபோல, இக்குரோமோசோமிலும் அரிதாகச் சிறு மாற்றங்கள் நிகழும். ஆகவே வெவ்வேறு வழியினரின் ஒய் குரோமோசோம்கள் வேறுபடுகின்றன.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மரபியல் அறிஞர் பிரையன் சைக்ஸ், தம் பெயரையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அப்பெயருடைய ஆண்கள் சிலரின் ஒய் குரோமோசோமில் நான்கு இடங்களை அவரும் உடனாய்வாளரும் ஒப்பிட்டனர். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே அமைப்பு காணப்பட்டது! அதே வட்டாரத்தில் வேறு பெயருடையவர்களையும் சோதித்தனர். அவர்களில் எவரிடமும் அது இல்லை. இந்த ஒப்பீடு இல்லையேல், அவ்வமைப்பு அவ்வட்டாரத்தில் எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்லிவிடலாம் அல்லவா? இன்றுள்ள சைக்ஸ் குடும்பங்களுக்கு மூலவர் ஒருவரே என்பது அவர்களது முடிவு.

அப்படியானால் மறுபாதியினர்? தத்து எடுத்தல், தாயின் பெயரைச் சூடுதல், பிறர்க்குப் பிறத்தல் போன்ற காரணங்களால் பெயரும் குரோமோசோமும் பிரிந்துவிடும். இது தலைமுறைக்குச் சராசரியாக 1.3 சதவீதமே என்று அவர்கள் மதிப்பிட்டனர். சிறிய எண்தான், ஆனால் 700 ஆண்டுகளில் அது கூட்டு வட்டிபோல் பெருகிவிடுகிறது.

எல்லாப் பெயர்களும் இப்படியா? இல்லை. 2009-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 40 பெயர்களை ஆராய்ந்தனர். அரிய பெயர்களை உடையவர்களிடையே உறவு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஸ்மித்துகளிடம் அத்தகைய உறவு தென்படவில்லை. ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தானே!

ஒன்றை மறத்தல் கூடாது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் காட்டுவது அவற்றுள் ஒன்றை மட்டுமே. அமைப்பு ஒத்துவராத சைக்ஸும் அக்குடும்பத்தில் பிறந்து வளர்ந்த சைக்ஸ்தான். தாய்வழி மூதாதையரை இம்முறையால் ஏன் அறிய முடியாது? மாணவர்களே, சிந்தித்துப் பாருங்கள்.